அவரும் அவளும்: தமிழில் துணையைக் குறிக்கும் சொற்களின் வரலாறு

தமிழில் ஒருவரைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்பவர், அந்த ஒருவரை எந்த உயரத்தில் வைத்துக் காண்கிறார் என்பதையும், ஒருமையில் சொன்னால் அவர் ஆணா பெண்ணா என்பதையும் வினைமுற்றின் இறுதியில் நிற்கும் விகுதியிலேயே வெளிப்படுத்தியாக வேண்டும். வந்தான், வந்தாள், வந்தார் என்னும் மூன்றில் ஒன்றைத் தேராமல் வாக்கியத்தை முடிக்க இயலாது. ஒரு வீட்டில் ஒரே கூரையின் கீழ் வாழும் இருவரைப் பற்றி ‘கணவர் வந்தார்’, ‘மனைவி வந்தாள்’ என்று அடுத்தடுத்துச் சொல்லும்போது இந்தத் தேர்வு எவ்வளவு ஆழமாகப் பழகிவிட்டது என்பது தெரிகிறது. இந்த வேறுபாடு தமிழ் இலக்கணத்தின் கட்டளை என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் இலக்கண நூல்களையும் பழம்பாடல்களையும் கல்வெட்டுகளையும் வீட்டுப் பேச்சையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், அது இலக்கணம் விதித்தது அன்று, வழக்கு வளர்த்தது என்பது தெளிவாகும்.

தொல்காப்பியம் வகுத்த எல்லை

தொல்காப்பியம் சொற்களை உயர்திணை, அஃறிணை என இரண்டாகப் பகுத்து, மக்களைக் குறிக்கும் உயர்திணையை ஆண்பால், பெண்பால், பலர்பால் என மூன்றாக வகுக்கிறது. அவன் என்பது ஆண்பால் ஒருமை, அவள் என்பது பெண்பால் ஒருமை, அவர் என்பது பலர்பால், அதாவது ஒருவருக்கு மேற்பட்ட மக்களைக் குறிக்கும் சொல். இந்தப் பகுப்பின்படி ஒரு கணவனைக் குறிக்க ‘அவன்’ என்பதும் ஒரு மனைவியைக் குறிக்க ‘அவள்’ என்பதும் ஒரே நிலையில் நிற்கும் இணைச்சொற்கள். அவற்றில் ஒன்று உயர்ந்ததும் மற்றொன்று தாழ்ந்ததும் அல்ல.

ஆயினும் ஒருவரைப் பன்மையால் குறிக்கும் பழக்கம் தொல்காப்பியர் காலத்திலேயே இருந்திருக்கிறது. சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்தில் அவர் அதனைக் குறிப்பிட்டு, அது உலக வழக்கில் உயர்வு கருதிச் சொல்லப்படுவது என்றும், இலக்கண நெறிப்படி அமைந்த சொல்முறை அன்று என்றும் தீர்ப்புச் சொல்கிறார். பிற்காலத்தார் மரியாதைப் பன்மை என்றும் உயர்வுப் பன்மை என்றும் அழைத்தது இதுவே. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தியாரும் மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு ஆகிய காரணங்களால் பாலும் திணையும் மயங்கி வருவதை வழுவமைதியாக, அதாவது பிழையாயினும் காரணம் கருதி ஏற்கத்தக்கதாக, ஏற்றுக்கொள்கிறார். இரு நூல்களும் மரியாதைப் பன்மையை யாருக்குக் கொடுக்க வேண்டும், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று வரையறுக்கவில்லை. கணவனுக்கு உரியது, மனைவிக்கு உரியதன்று என்ற சொல் அவற்றில் எங்கும் இல்லை.

‘அவர்’ ஒருவருக்கே உரிய மரியாதைச் சொல்லாக மெல்ல மெல்ல மாறியபோது, உண்மையான பலரைக் குறிக்க வேறொரு வடிவம் தேவைப்பட்டது. தொல்காப்பியத்தில் அஃறிணைப் பன்மைக்கு உரியதாகச் சொல்லப்பட்ட ‘கள்’ விகுதி உயர்திணைக்கும் பரவியதற்கு இத்தேவையும் ஒரு காரணம். திருக்குறளிலேயே ‘மற்றையவர்கள்’, ‘பூரியர்கள்’ என்னும் சொற்கள் காணப்படுகின்றன. இன்று அவர் என்றால் ஒருவர், அவர்கள் என்றால் பலர் என்ற நிலை வேரூன்றியிருப்பதற்கு அடித்தளம் அந்தப் பழைய மாற்றமே.

பெயர் இல்லாத தலைவர்கள்

காதலையும் மணவாழ்வையும் பாடும் அகத்திணைக்குத் தொல்காப்பியம் இன்னொரு விதியையும் வைத்தது. அன்பின் ஐந்திணையாகிய குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை ஆகியவற்றில் வரும் தலைவனையோ தலைவியையோ இன்னார் என்று சுட்டும் இயற்பெயர் இடம்பெறலாகாது என்பது அவ்விதி. நெடுநல்வாடை ஒரு தலைவியின் பிரிவுத் துயரைப் பாடியும் அகநூலாக ஏற்கப்படாமல் போனதற்கு, அதில் வரும் வேலில் பாண்டியரின் அடையாளமான வேம்பு சூட்டப்பட்டிருந்ததையே உரையாசிரியர் காரணமாகக் கொண்டனர். பெயரைச் சொல்லாமல் ஒரு பூவைச் சொன்னதே அங்கே பெயர் சொன்னதாகிவிட்டது.

இந்த விதி காரணமாகச் சங்கத் தலைவி தன் தலைவனை அவனுடைய நிலத்தால் குறித்தாள். குறிஞ்சியில் அவன் வெற்பன், சிலம்பன், நாடன். மருதத்தில் ஊரன், மகிழ்நன். நெய்தலில் சேர்ப்பன், துறைவன், கொண்கன். இவை யாவும் ‘அன்’ விகுதி பெற்ற ஒருமைச் சொற்கள். மரியாதைப் பன்மை அவற்றில் இல்லை. அதே தலைவி ‘காதலர்’ என்றும் ‘அவர்’ என்றும் பன்மையால் சொல்வதும் உண்டு. திருக்குறளின் காமத்துப்பாலில் பிரிவை நொந்து பேசும் பெண்ணின் குரலில் ‘காதலர்’, ‘அவர்’ என்பனவே மிகுதியாக ஒலிக்கின்றன. ஒரே காலத்து இலக்கியத்தில் இரு வடிவங்களும் அருகருகே வாழ்ந்தன என்பதும், அவற்றிடையே தேர்ந்தெடுக்கும் உரிமை பேசுபவளிடம் இருந்தது என்பதும் இதனால் புலனாகும்.

நேருக்கு நேர் பேசுகையில் நிலைமை இன்னும் வெளிப்படையானது. அம்மூவனார் பாடிய குறுந்தொகை 49ஆம் பாட்டில் தலைவி தன் தலைவனை ‘நீ’ என்றே அழைத்து, அடுத்த பிறப்பிலும் அவனே தனக்குக் கணவனாக வேண்டும் என்கிறாள். அங்கே அவள் சொல்லும் சொல் ‘கணவன்’ என்பதே, ‘கணவர்’ என்பதன்று. நீ என்றதனால் அவளுடைய அன்பு குறையவில்லை. பிறவி கடந்து நீளும் பிணைப்பைச் சொல்வதற்கு அவளுக்கு ஒருமையே போதுமானதாக இருந்தது.

பெயரைச் சொன்ன மனைவி

மனைவி கணவன் பெயரைச் சொல்லலாகாது என்ற வழக்கம் தொன்றுதொட்டு மாறாமல் வந்தது என்று கொள்வோர் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை மீண்டும் படிக்க வேண்டும். பாண்டியன் அவையில் நீ யார் என்று வினவப்பட்டபோது, கண்ணகி தன் ஊரையும் மாமனார் மாசாத்துவானையும் சொல்லி, கொலைக்களத்தில் பட்ட கோவலனின் மனைவி தான் என்று அவன் பெயரை அரசன் முன் வெளிப்படக் கூறி, அதன் பின்னரே தன் பெயரைச் சொல்கிறாள். நீதி கேட்கும் இடத்தில் இன்னாருடைய மனைவி என்று தெளிவுறச் சொல்லாமல் வழக்கை நிறுத்த இயலாது. இளங்கோவடிகள் அப்பெயரை அவள் வாயில் வைத்ததால் கண்ணகியின் கற்புக்குக் குறை வந்ததாக எந்த உரையாசிரியரும் கருதவில்லை.

பக்தி இலக்கியம் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. இறைவனைத் தலைவனாகவும் உயிரைத் தலைவியாகவும் வைத்துப் பாடும் நாயக நாயகி பாவத்தில், இறைவன் பெரும்பாலும் ‘அவன்’ என்ற ஒருமையாலேயே குறிக்கப்படுகிறான். திருநாவுக்கரசரின் திருவாரூர்த் திருத்தாண்டகம் ஒன்றில் பெண்ணொருத்தி முதலில் கேட்பது அவனுடைய பெயரை. அந்தப் பெயரில் தொடங்கும் காதல் அவள் தன் பெயரையே மறப்பதில் சென்று முடிகிறது. எல்லோருக்கும் மேலானவனை ‘அவன்’ என்று சொல்லக் கூசாத மொழியில், ஒருமை என்பது இழிவின் அடையாளமாக இருந்திருக்க முடியாது. அது நெருக்கத்தின் அடையாளமாகவும் இருந்தது. பன்மை தொலைவின் அடையாளமாகவும் இருந்தது.

கல்லில் எழுதிய சொற்கள்

இலக்கியத்தின் சொல் பாடுபவரின் கற்பனைக்கு உட்பட்டது. கல்வெட்டின் சொல் அரண்மனையிலும் கோயிலிலும் ஏற்கப்பட்ட நடையைக் காட்டுவது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசனின் 26ஆம் ஆட்சியாண்டில் வெளியிடப்பட்ட ஆணை, அரசன் தன் வாய்மொழியாகச் சொன்னதைப் பதிந்திருக்கிறது. கோயிலுக்குத் தான் கொடுத்தவற்றையும், தமக்கை குந்தவை கொடுத்தவற்றையும், தன் மனைவியர் கொடுத்தவற்றையும், பிறர் கொடுத்தவற்றையும் ஒன்றுபோலக் கல்லில் வெட்டுமாறு அவன் ஆணையிடுகையில், தமக்கையை ‘அக்கன்’ என்றும் மனைவியரை ‘நம் பெண்டுகள்’ என்றும் குறிக்கிறான். அதே கோயிலில் அந்த அரசியரின் கொடைகளைப் பதிந்தவர்களோ ஒவ்வொருவரையும் ‘நம்பிராட்டியார்’ என்று ‘ஆர்’ விகுதியோடு எழுதினார்கள். ஒரே பெண்மணி, கணவன் வாயில் பெண்டு, எழுதுபவன் கையில் நம்பிராட்டியார். துணையைக் குறிக்கும் சொல் குறிக்கப்படுபவரை மட்டும் பொறுத்ததன்று, குறிப்பவர் எங்கு நிற்கிறார் என்பதையும் பொறுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

கண்டராதித்த சோழரின் தேவியாகிய செம்பியன் மாதேவியார், திருநல்லம் என்னும் இன்றைய கோனேரிராசபுரத்தில் கணவரின் பெயரால் கற்றளி, அதாவது கருங்கல்லால் கட்டிய கோயில், எடுத்தார். அதைக் கூறும் கல்வெட்டு, கணவரைத் ‘தம்முடையார்’ என்ற சொல்லால் சுட்டி, அவருடைய பெயரையும் அடுத்து வைக்கிறது. தம்மை உடையவர் என்றும் தமக்கு உரியவர் என்றும் இருபொருள்பட நிற்கும் அந்தச் சொல்லில் உரிமையும் மதிப்பும் ஒன்றாய்க் கலந்திருக்கின்றன. கணவனுக்கும் மனைவிக்கும் ‘தேவர்’, ‘தேவியார்’ என இருபுறமும் பன்மை விகுதி கிடைத்த அந்த நடையில், மரியாதை குலத்தையும் பதவியையும் ஒட்டிச் சென்றதேயன்றி, பாலை ஒட்டிப் பிரிந்து செல்லவில்லை.

சொற்களின் மதிப்பு காலத்தோடு ஏறி இறங்கியதற்கும் கல்வெட்டுகள் சான்றாகும். இன்று பேச்சுவழக்கில் மனைவியைக் குறிக்கும் ‘பெண்டாட்டி’ என்பது, சோழர் கல்வெட்டுகளில் ‘வேளத்துப் பெண்டாட்டி’ என்று அரண்மனைப் பணியில் இருந்த மகளிரைக் குறித்தது. பெருமாட்டி, சீமாட்டி என்பவற்றில் உள்ள அதே ‘ஆட்டி’தான் அதிலும் இருக்கிறது, ஆயினும் இன்று அது மேடையிலோ அழைப்பிதழிலோ இடம்பெறாத சொல்லாகிவிட்டது.

வீட்டுக்குள் வளர்ந்த இலக்கணம்

கணவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டின் பல சமூகங்களில் அண்மைக்காலம் வரை வலுவாக இருந்தது. அகப்பாட்டில் பெயர் மறைந்தது காதல் எல்லோருக்கும் பொதுவானது என்பதற்காக. வீட்டில் பெயர் மறைந்தது அச்சத்தாலும் அடக்கத்தாலும். இரண்டையும் ஒன்றாகக் கொள்வது பிழையாகும். ஆறுமுகம் என்ற பெயருடையவரின் மனைவி ஆறு விரலைக் காட்டித் தன் முகத்தைத் தொட்டுக் காட்டுவது போன்ற விடுகதை வழிகளும், பிள்ளையின் பெயரோடு ‘அப்பா’ என்பதைச் சேர்த்துச் சொல்லும் வழியும் இத்தடையிலிருந்து பிறந்தவை. தென்னாப்பிரிக்காவின் சூலு, சோசா மக்களிடையே மணமான பெண்கள் மாமனார் முதலானோரின் பெயரையும் அதுபோல ஒலிக்கும் சொற்களையும் தவிர்த்துப் பேசும் ‘ஹ்லொனிபா’ என்னும் வழக்கம் இருந்துவந்திருப்பதால், இது தமிழருக்கு மட்டுமே உரிய வழக்கம் அன்று என்பதும் விளங்கும்.

பெயர் இல்லாத இடத்தை உறவுச்சொற்கள் நிரப்பின. அத்தை மகனையோ தாய்மாமனையோ மணக்கும் வழக்கம் பரவலாக இருந்த சமூகத்தில், அத்தான், மச்சான், மாமா என்பன திருமணத்துக்கு முன்பே பெண்ணின் நாவில் பழகிய சொற்கள். உறவில்லாத ஆணை மணந்த பெண்ணும் அவற்றையே கைக்கொண்டாள். புதியவரை உறவினராக்கும் வேலையை அச்சொற்கள் செய்தன. உறவுச்சொல்லும் வேண்டாதபோது வெறும் விளியே போதுமானதாக இருந்தது: கொங்கு நாட்டில் ‘ஏனுங்க’, பிற இடங்களில் ‘என்னங்க’, அந்தணர் வீடுகளில் ‘ஏன்னா’, யாழ்ப்பாணத்தில் ‘இஞ்சாருங்கோ’. படர்க்கையில், அதாவது எதிரில் இல்லாதவரைச் சொல்லும்போது, மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிகளில் ‘அவுக வந்தாக’ என்ற பன்மையே கணவனுக்கு உரிய பெயராயிற்று. பெயரைச் சொல்லாமல் ‘அவுக’ என்றாலே கேட்போருக்கு ஆள் விளங்கிவிடும்.

மறுபக்கத்தில் மனைவிக்குக் கிடைத்த விளிகள் ‘ஏய்’, ‘அடியே’, ‘இந்தா’, ‘புள்ள’ என்பன. அன்பு அவற்றிலும் உண்டு. ஆயினும் பன்மை இல்லை. கணவன் ‘வா’ என்பான், மனைவி ‘வாங்க’ என்பாள் என்ற இந்த ஏற்றத்தாழ்வே வீட்டு இலக்கணத்தின் நடுத்தூண். பெயர்ச்சொற்களிலும் அது படிந்தது: வீட்டுக்காரர் என்பதற்கு இணை வீட்டுக்காரி, ஆத்துக்காரர் என்பதற்கு இணை ஆத்துக்காரி. ‘இல்லாள்’ என்றால் இல்லத்தை ஆள்பவள், ‘இல்லான்’ என்றால் பொருள் இல்லாதவன் என்பதால், வீட்டைக் கொண்டு பெயர் பெறும் பெருமை ஒரு காலத்தில் பெண்ணுக்கே உரியதாக இருந்ததையும் மறக்கலாகாது. யாழ்ப்பாணத் தமிழில் ‘மனுசன்’, ‘மனுசி’ என்று கணவனையும் மனைவியையும் குறிக்கும் இணை இரு பக்கமும் ஒரே அளவில் நிற்பது கருதத்தக்கது.

வடமொழியிலிருந்து வந்த சொற்கள் இன்னொரு சிக்கலைக் கொண்டுவந்தன. வடமொழியில் மனைவியைக் குறிக்கும் ‘பார்யா’ பெண்பால், ‘தார’ ஆண்பால், ‘களத்ர’ அலிப்பால். அங்கே பால் சொல்லின் வடிவத்தைச் சார்ந்தது. தமிழிலோ பால் பொருளைச் சார்ந்தது. சொல் எதுவாயினும் குறிக்கப்படுபவள் பெண் என்றால் வினைமுற்றும் பெண்பாலாதல் வேண்டும். இருந்தும் குடும்பம் என்ற பொருளிலிருந்து மனைவி என்ற பொருளுக்கு வந்த ‘சம்சாரம்’ என்ற சொல், ‘சம்சாரம் ஊருக்குப் போயிருக்கிறது’ என்று அஃறிணை வினையோடு பேச்சில் நிலைத்தது. மனைவியை நேரே சுட்டக் கூசிய நாணத்தால் அவ்வாறு நேர்ந்திருந்தாலும், உயர்திணைக்கு உரியவள் வினைமுற்றில் அஃறிணையானாள்.

அச்சும் மேடையும் சட்டமும்

19ஆம் நூற்றாண்டில் உரைநடை அச்சில் பரவியபோது வீட்டுக்குள் இருந்த வழக்கு எழுத்துக்கு வந்தது. 1879இல் வெளிவந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரத்தில் கதை சொல்பவன் கணவனே. மனைவி ஞானாம்பாளை அவன் தடையின்றிப் பெயர் சொல்லியே குறிக்கிறான். மனைவி எழுதும் வரலாறு வேறு வழியைத் தேடியது. பாரதியின் மனைவி செல்லம்மா தம் கணவரின் வாழ்க்கையைச் சொன்ன நூல் பாரதியார் சரித்திரம் என்ற பெயர் பெற்றது. திருச்சி வானொலியில் அவர் ஆற்றிய உரையின் தலைப்பு ‘என் கணவர்’. ஊரறிந்த பட்டப்பெயரோடு ‘ஆர்’ விகுதியைச் சேர்த்ததும், ‘கணவன்’ என்பதைக் ‘கணவர்’ ஆக்கியதும், பெயரை விலக்கிய பழைய மரபுக்கும் பெயரைக் கேட்ட புதிய வாசகருக்கும் இடையே அமைந்த பாலங்கள்.

அரசு ஆவணங்கள் பெயர் கூறாமையை முற்றிலும் உடைத்தன. பத்திரங்களில் ஆண்களுக்குத் ‘த/பெ’, அதாவது தந்தை பெயர்; மணமான பெண்களுக்குக் ‘க/பெ’, அதாவது கணவர் பெயர். வீட்டில் சொல்லக் கூடாத பெயர் அலுவலகத்தில் சொல்லியே ஆகவேண்டிய பெயராயிற்று. ஆயினும் ஆணுக்கு மனைவி பெயரைக் கேட்கும் சுருக்கக் குறியீடு வழக்கத்துக்கு வரவில்லை.

சுயமரியாதை இயக்கம் இந்தச் சொல்லுலகை நேரடியாகத் தொட்டது. திருமணத்தை வாழ்க்கைத் துணைநல ஒப்பந்தம் என்று அவ்வியக்கத்தார் அழைத்தனர். துணைவர், துணைவி என்ற இணை மேடைத் தமிழில் பரவியது. சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு அளித்த 1967ஆம் ஆண்டுச் சென்னைத் திருத்தச் சட்டம், இந்து திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவைச் சேர்த்து, மணமக்கள் தமக்கு விளங்கும் மொழியில் ஒருவரையொருவர் கணவராகவும் மனைவியாகவும் ஏற்பதாக அறிவிப்பதையும் மணம் செய்யும் முறைகளுள் ஒன்றாக்கியது. தமிழ் இலக்கணத்தில் தன்மை வினைமுற்றுக்கு, அதாவது பேசுபவர் தம்மைப் பற்றிச் சொல்லும் வினைக்கு, பால் வேறுபாடு இல்லை. மணமகன் சொன்னாலும் மணமகள் சொன்னாலும் ‘ஏற்கிறேன்’ என்பது ஒரே சொல். அவள் அவனுக்கு இணையாக நின்று பேசும் வாக்கியம் மொழியில் ஏற்கெனவே காத்திருந்தது.

எழுதுவோர் முன் உள்ள தேர்வு

இன்றைய எழுத்துத் தமிழில் மூன்று நடைகள் உள்ளன. புனைகதை பெரும்பாலும் அவன், அவள் என்று இருவரையும் ஒருமையில் வைக்கிறது. செய்தித்தாள் அவர், அவர் என்று இருவரையும் பன்மையில் வைக்கிறது. பேச்சில் ‘அவரு’ ஆணுக்கும் ‘அவங்க’ பெண்ணுக்கும் என்று பிரிந்திருந்தாலும், எழுத்தில் ‘அவர்’ இருபாலுக்கும் பொதுவாகவே இருக்கிறது. புனைகதை நடையும் செய்தித்தாள் நடையும் தனித்தனியே நேரான அளவுகோல்கள். மூன்றாவது, கணவனைப் பன்மையிலும் மனைவியை ஒருமையிலும் வைக்கும் கலப்பு நடை; கோணல் பிறப்பது இங்கேதான். ‘கணவன்’ என்று தொடங்கினால் ‘வந்தான்’ என்றும், ‘கணவர்’ என்று தொடங்கினால் ‘வந்தார்’ என்றும் முடிப்பது பால், எண் இயைபின் பாற்பட்டது. ‘மனைவி’ என்ற சொல் ‘வந்தாள்’, ‘வந்தார்’ இரண்டையும் ஏற்கும். பிறருடைய மனைவியைச் சொல்லும்போது மனைவியார், துணைவியார் என்ற வடிவங்களும் உண்டு. ஆகவே ‘என் மனைவி வந்தார்’ என்பது இலக்கணத்தை மீறுவது அன்று. கணவருக்குப் பொருந்தும் வழுவமைதி மனைவிக்கும் பொருந்தும்.

தற்சுட்டுப் பெயர்களாகிய தன், தம் என்பவை எழுவாயையே திரும்பச் சுட்டுபவை. ‘முருகன் கந்தனிடம் தன் மனைவியைப் பற்றிச் சொன்னான்’ என்றால் அவள் முருகனின் மனைவி. ‘அவன் மனைவி’ என்றால் அவள் கந்தனின் மனைவியாகவும் கொள்ளப்படலாம். எழுவாய் மரியாதைப் பன்மையாக இருந்தால் ‘அவர் தம் மனைவியோடு வந்தார்’ என்பதே இயைபுடையது. ‘அவர் தன் மனைவியோடு’ என்பது பன்மையில் தொடங்கி ஒருமையில் இடறுவது.

இவை எல்லாவற்றினும் நுண்ணியது ஆறாம் வேற்றுமை, அதாவது உடைமைப் பொருள் தரும் உருபு, பற்றிய விதி. ‘அது’ என்னும் உருபு அஃறிணை உடைமைக்கே உரியது. எனது வீடு, எனது நிலம் என்பன பொருந்தும். உறவு உயர்திணையாக இருக்கும் இடத்தில் அந்த உருபு நீங்கிக் குகரம் வரும் என்கிறது தொல்காப்பியம். அதன்படி நம்பிக்கு மகன் என்பதே முறை. ‘எனது மனைவி’, ‘எனது கணவர்’ என்பன வழுவாகும். ‘என் மனைவி’, ‘என் கணவர்’ என்பனவே நெறி. இன்றைய வழக்கு இந்த வேறுபாட்டைப் பெரிதும் கைவிட்டுவிட்டது. ஆனாலும் மணத்தால் இணைந்த ஒருவரை வீடும் நிலமும் போல உடைமையாக்கிச் சொல்ல விடாத அந்த விதியில், கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என்ற பிரிவு இல்லை. வழக்கு இருவரையும் வெவ்வேறு உயரத்தில் நிறுத்திய நெடுங்காலத்திலும், பழைய இலக்கணம் அவர்களை ஒரே திணையில், ஒரே மதிப்பில் வைத்திருந்தது. வழக்கால் வந்த ஏற்றத்தாழ்வை நீக்குவதற்கு எழுதுவோர் வேறெங்கும் செல்ல வேண்டியதில்லை, அந்த இலக்கணத்திடமே திரும்பினால் போதும்.